பதினாறு கட்டம்

கால நீட்டிப் படு சாமி. அத்தை கை மேல தலைய வையி. அப்பப்ப "ம்" சொல்லணும், சரியா?

மேகமெல்லாம் எறங்கி வந்து தெருவுல நடக்குமே, அம்புட்டு உசரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு கல்லுக்கட்டுக்காரன் இருந்தான். வேலப்பன்னு பேரு. மலைச்சரிவுல பூண்டு போட படிப்படியா நெலம் இருக்கும்ல, மழைக்கு அந்த மண்ணு சரிஞ்சு போகாம கல்லு அடுக்கிச் செவரு கட்டுறதுதான் அவன் வேலை. டொக்கு டொக்குன்னு கல்லத் தட்டுவான். தூக்கி வெப்பான். சுண்ணாம்பு கெடையாது, சேறு கெடையாது, வெறுங் கல்லு. ஆனா அவன் கட்டுன செவரு அசையாது.

அவன் பொண்டாட்டி நாச்சம்மா. கையில ஊசி இல்லாம அவளப் பாக்கவே முடியாது. வயித்துல புள்ள வந்ததும் அதுக்கு ஒரு போர்வை தைக்க ஆரம்பிச்சா. பழைய துணியெல்லாம் எடுத்து, கட்டம் கட்டமா. எப்படித் தெரியுமா? கைக்குட்டைய மூலைக்கு மூல மடிச்சா முக்கோணமா வரும்ல? அந்த மாதிரி ரெண்டு முக்கோணம். ஒண்ணு கருப்பு, வேலப்பனோட பழைய சட்டை. ஒண்ணு வெளுப்பு, சாயம்போன அவ சேலை. ரெண்டையும் சேத்துத் தச்சா ஒரு சாண் சதுரம். அது ஒரு கட்டம். அப்படிப் பதினாறு கட்டம் தச்சு அடுக்கி வெச்சா.

அப்புறம் ஐப்பசி மாசம் மழை சோன்னு ஊத்துன ஒரு காலையில அவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. புள்ள வீல்னு அழுதுச்சு. நாச்சம்மா கண்ணத் தெறந்து ஒரு தடவ பாத்தா. அவ்வளவுதான்.

"செத்துப் போச்சா அத்தை?"

ஆமா சாமி. செத்துப் போயிட்டா.

...ம். சொல்றேன் கேளு.

அப்போ பக்கத்து வீட்டு மருத்துவச்சி இருளாயிதான் புள்ளயக் குளிப்பாட்டுனா, சங்குல வெள்ளாட்டுப் பால் ஊத்துனா. புள்ள வெடவெடன்னு நடுங்குச்சு. கம்பளியப் போத்துனா, கம்பளி ரோமம் குத்தி ஒடம்பெல்லாம் செவந்து போச்சு. இருளாயி சொன்னா, "ஏப்பா வேலப்பா, இப்பவே இப்படி இருக்கு. மார்கழி பனி எறங்குனா இது தாங்காது. மெத்துனு ஏதாச்சும் வேணும்."

அப்பத்தான் அவனுக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்துச்சு. பெட்டியத் தெறந்தான். பதினாறும் அடுக்கி இருந்துச்சு. ஆனா எதை எதுக்குப் பக்கத்துல வெக்கணும்னு ஒரு குறிப்பு இல்ல. ஒரு கோடு இல்ல. அது அவ மனசுலயே இருந்துச்சு, அவளோடயே போயிருச்சு.

"நான் தச்சுத் தரேன்"னு இருளாயி சொன்னா. "வேணாம் சித்தி"ன்னுட்டான்.

மழை பெஞ்சா கல்லு வேலை கெடையாது. புள்ளையத் துண்டால நெஞ்சோட கட்டிக்கிட்டு, சட்டைய மேல மூடிக்கிட்டு, வெளிச்சத்துக்குச் சன்னலோரம் உக்காந்தான். ஊசி கையில நிக்கல. கல்லு தூக்குற வெரலுக்கு ஊசி எங்க தெரியும்? சுருக்குனு குத்தும். ரத்தத்த வேட்டியில தொடச்சுக்குவான். சுருக். தொடச்சுக்குவான்.

மொதல் தடவ, ஒரு கட்டத்த நடுவுல வெச்சு, அதுக்கு நாலு பக்கமும் நாலு கட்டம் தச்சான். பாத்தா கூட்டல் குறி மாதிரி நிக்குது. இப்போ மூலையில ஒண்ண வெக்கணும். ஒரு பக்கம் தச்சா இன்னொரு பக்கம் இழுக்குது. அந்தப் பக்கம் தச்சா இந்தப் பக்கம் சுருங்குது. நாலு மூலையும் புடைச்சுக்கிட்டு நிக்குது, பணியாரம் மாதிரி. சரக் சரக்னு அம்புட்டையும் பிரிச்சான்.

ம் சொல்லு.

அப்புறம் அவன் யோசிச்சான். நாம செவரு கட்டும்போது சுத்திச் சுத்தியா கட்டுறோம்? ஒரு வரி முடிச்சுட்டுத்தான மேல அடுத்த வரி வெக்கிறோம்? சரின்னு நாலு நாலு கட்டமா எடுத்து வரியாத் தச்சான். நாலு வரி ஆச்சு. அப்புறம் வரிக்கு வரி சேத்தான். இந்தத் தடவ சுருக்கமே இல்ல, பலக மாதிரி படிஞ்சுச்சு. சந்தோசமா கொடியில விரிச்சுப் போட்டான். போட்டுட்டுத் தள்ளி நின்னு பாத்தான். மொகம் வாடிப்போச்சு. ஏன்னா, அடுக்குல இருந்து கைக்கு வந்தத வந்தபடி எடுத்துத் தச்சுட்டான். ஒரு பக்கம் நாலஞ்சு கருப்பு ஒண்ணாக் கூடி அப்பிக் கெடக்கு. இன்னொரு பக்கம் வெளுப்பு அங்கொண்ணு இங்கொண்ணு ஓடிக் கெடக்கு. இடி விழப்போற வானம் மாதிரி இருந்துச்சு.

இருளாயி வந்து பாத்தா. "நல்லாத்தானப்பா இருக்கு. போத்திவிடு."

"அளவு பெசகாம பதினாறு வெட்டியிருக்கா சித்தி. இப்படிக் கெடக்கவா வெட்டியிருப்பா?"

"குளிருக்குப் போத்தத்தான் துணி! நீ பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறதுக்குள்ள புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

வேலப்பன் சட்டைக்குள்ள புள்ள மூச்சு விடுறதக் கேட்டுக்கிட்டே நின்னான். மூச்சு கிர்ர் கிர்ர்னு இழுத்துச்சு. அவனுக்குப் பயமாத்தான் இருந்துச்சு. பிரிக்காத அந்தப் போர்வையையே ரெண்டு நாள் புள்ளைக்குச் சுத்தி வெச்சான். மூணாம் நாள் மூச்சுச் சத்தம் அடங்குச்சு. அதுக்கப்புறந்தான் பிரிச்சான்.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூணாவது தடவ அவன் ஊசியத் தொடவே இல்ல. தரையக் கூட்டி, பதினாறு கட்டத்தையும் நாலுக்கு நாலா பரப்புனான். எல்லாத்தையும் ஒரே பக்கமா சாச்சு வெச்சான். ரம்பப் பல்லு மாதிரி வந்துச்சு. புள்ள மேல ரம்பத்தப் போத்துவாங்களா? ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்புனான். பாம்பு நெளியிற மாதிரி வந்துச்சு. அதுவும் வேணாம். அப்போ கல்லக் கையில வெச்சு எந்த மொகம் பொருந்தும்னு உருட்டிப் பாப்பான்ல, அதே மாதிரி ஒவ்வொரு கட்டமா கால் சுத்து, கால் சுத்து திருப்பிப் பாத்தான். நாள் பூரா குந்தி உக்காந்தான். கால் மரத்துப் போச்சு.

கடைசியில நடுவுல இருக்குற நாலு கட்டத்தையும், வெளுப்பெல்லாம் உள்ள பாக்குற மாதிரி திருப்புனான். நடுவுல வெள்ளையா, அகல் சுடர விரிச்சு வெச்ச மாதிரி ஒரு எடம் தெறந்துச்சு. அவன் கை அப்படியே நின்னு போச்சு. அப்புறம் மத்ததையும், கருப்போட கருப்பும் வெளுப்போட வெளுப்பும் ஒட்டுற மாதிரி, ஒண்ணொண்ணா மெதுவா திருப்புனான். வெளுப்பச் சுத்திக் கருப்பு, கருப்பச் சுத்தி வெளுப்பு, மூல நாலுலயும் கருப்பு. குளத்துல கல்லு போட்டா அலை சுத்திச் சுத்திப் பரவும்ல? அப்படி.

அன்னிக்குத்தான் அவன் அழுதான் சாமி. நாச்சம்மாவத் தூக்கிட்டுப் போனப்போகூட அவன் அழல.

அப்புறம் எடுக்கும்போது எடம் மாறிறக் கூடாதுன்னு, ஒவ்வொண்ணுக்கும் பின்னால கரியால புள்ளி வெச்சான். வரி வரியா தச்சான். தையலும் தையலும் மூலையில நேரா முட்டுற மாதிரி சேத்தான். உள்ள இலவம்பஞ்சு, அடியில அவனோட வேட்டி. கார்த்திகை முடியுறப்போ போர்வையும் முடிஞ்சுது. புள்ளைய நடுவுல கெடத்திச் சுத்துனான். பொசுக்குனு தூங்கிருச்சு.

மார்கழி பொறந்து நாலாம் நாள், கீழ் நாட்டுல இருந்து நாச்சம்மாவோட அக்கா ராக்கம்மா வந்தா. மூச்சு வாங்க மலையேறி வந்து, நின்னபடியே சொன்னா, "தம்பி, மனசக் கல்லாக்கிக்க. ஆம்பள ஒத்தையில இந்தக் குளிர்ல புள்ள வளக்க முடியாது. நான் கொண்டு போறேன்."

வேலப்பன் தலையக் குனிஞ்சு நின்னான். அவ சொல்றது ஞாயந்தான்னு அவனுக்கும் தோணுச்சு. பத்து மாசம் செமந்தவளே இல்ல, நாம யாருன்னு தோணுச்சு.

ராக்கம்மா உள்ள போயி புள்ளையப் பாத்தா. போர்வைய ஒரு ஓரம் தூக்கிப் பாத்தா. "இது யாரு சேத்தது?"

"நான்தான் மதினி."

"இப்படி இல்லையே. ஆடி மாசம் வந்தப்போ என்கிட்ட சொன்னாளே. நாலு நாலு கட்டமா சேத்து, சுத்துற காத்தாடி காத்தாடியா நாலு வெக்கப் போறேன்னு."

வேலப்பன் மொகம் வெளுத்துப் போச்சு. "காத்தாடியா?"  அப்புறம் மூலையில இருந்த கத்திய எடுத்தான். புள்ள எழுந்திரிக்காம போர்வைய உருவுறதுக்குக் கிட்ட வந்து மண்டி போட்டான். "எப்படின்னு மட்டும் சொல்லுங்க மதினி. பிரிச்சுட்டு அவ சொன்னபடியே தச்சுர்றேன். நாலு நாள்ல ஆயிரும். அப்புறம் போர்வையோடயே கொண்டு போங்க."

அந்தக் கையப் பாத்தா ராக்கம்மா. வெரல் நுனியெல்லாம் கறுத்துக் காப்புக் காச்சு, ஊசி குத்துன புள்ளி புள்ளியா இருந்துச்சு.

"வேணாம்"னா. அவன் கேக்காம தையலுக்குள்ள கத்திய வெச்சான். அவ வெடுக்குனு கையப் புடிச்சுக்கிட்டா. "வேணாம்ங்கிறேன்ல! இருக்கட்டும். அவ ஒண்ணு நெனச்சா. நீ ஒண்ணு நெனச்ச. புள்ள தூங்குது. கத்திய வெய்யி."

அப்புறம் ராக்கம்மா பையில இருந்து ஒரு சேலைய எடுத்தா. புள்ளைய முதுகுல கட்டி மலையெறக்கத்தான்னு வேலப்பன் நெனச்சான். மொகத்தத் திருப்பிக்கிட்டான். பின்னால சர்ருனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, அவ சேலைய விட்டத்துல வீசி, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பாத்துக்கிட்டிருக்கா. தூளி.

"பனி விடுற வரைக்கும் நான் இங்கனதான் இருக்கப் போறேன். வீட்டுல அவரு ஏசுவாரு. ஏசட்டும்"னா. "பங்குனி பொறந்ததும் நான் மட்டும் எறங்கிப் போறேன். ஆமா, இதுக்கு என்ன பேரு வெச்சிருக்க?"

"இன்னும் வெக்கல மதினி. பேரு சொல்லிக் கூப்பிட வீட்டுல ஆளு வேணும்ல."

"வையி. இப்பவே வையி. நான் கூப்பிடணும்."

அவன் புள்ளைய எடுத்துத் தூளியில போட்டான். குனிஞ்சு அது காதுக்குள்ள மூணு தடவ பேரச் சொன்னான். என்ன பேருன்னு ராக்கம்மாவுக்கே சரியாக் கேக்கல. கேட்டது புள்ளைக்கு மட்டுந்தான்.

அம்புட்டுத்தான் சாமி, கதை படுத்துருச்சு. நீயும் கண்ண மூடு. தூங்கு.