ஏரியல் ஒயரும் கேமரா ஒயரும்

திண்டுக்கல் புறவழிச் சாலையில் யூனிஸ் அக்காவின் கார் எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. தொழில் கற்றுக்கொள்ள அவரிடம் ஒரே ஒரு சிஷ்யை, தமயந்தி. வாதாடாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற மாட்டாள் என்று யூனிஸ் சொல்வதுண்டு. கழற்றச் சொன்னது சரியான ஸ்க்ரூதானா என்று யாராவது கேட்கத்தானே வேண்டும் என்பாள் தமயந்தி.

மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் வாடகைக் கார் ஒன்று வந்தது. ஓட்டுநர் சென்றாயன் ஐம்பதைத் தொட்ட மனிதர். முன்கண்ணாடியில் கேமரா மாட்டியதிலிருந்து ரேடியோ இரைகிறது என்றார்.

தமயந்தி திருகிப் பார்த்தாள். சினிமாப் பாட்டு நிலையங்கள் பளிச்சென்று வந்தன.

"நல்லாத்தானே பாடுது?"

அவர் தயங்கி வேறொரு நிலையத்தை வைத்தார். மகளிர் கல்லூரி ஒன்று நடத்தும் சின்ன வானொலி அது. வெறும் இரைச்சல்தான் வந்தது.

"இது ஒண்ணுதானே வரல? மத்ததக் கேளுங்களேன்."

சென்றாயன் இறங்கிப்போய்த் தகரக் கூரையின் கீழ் நின்றுகொண்டார். யூனிஸ் பின்னாலேயே போனார். தமயந்தியும் போனாள்.

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது இதுதான். மகள் சாதி விட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னவன் அவருடைய மச்சினன். காரும் அவனுடையதுதான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் இந்தப் பக்கம் சவாரி வந்தவர் சும்மா ரேடியோவைத் திருக, மகளின் குரல். பெயரை மாற்றிக்கொண்டு மதியத்தில் பூ மார்க்கெட் விலை வாசிக்கிறாள். செல்போன் ரேடியோவுக்கு அந்த நிலையம் எட்டவில்லை, கார் ஏரியலுக்குத்தான் எட்டியது. கொஞ்ச நாள் கேட்டார். அதற்குள் மச்சினன் கேமராவை மாட்டிவிட்டான்.

"நேர்ல போய்ப் பாக்க வேண்டியதுதானே?" என்றாள் தமயந்தி.

"வீடு தெரியாதும்மா. தெரிஞ்சுக்கவும் கூடாது. அவன் அடிச்சுக் கேட்டா நான் சொல்லிருவேன். என்னைய எனக்குத் தெரியும்."

தமயந்திக்குக் கொதித்தது. வெட்டுவேன் என்றவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான், பெற்றவர் திருடனைப் போல மல்லிகை விலை கேட்கிறார், இதற்குப் பெயர் குடும்பமா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். சென்றாயன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தி முடிச்சிட்டியா? இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு பாரு" என்றார் யூனிஸ்.

தமயந்தி கேமராவின் இணைப்பைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. செருகினாள். வந்தது. மலிவான சார்ஜர். போதாததற்கு, அதன் ஒயரை ஏரியல் ஒயரோடு சேர்த்து கண்ணாடி ஓரத்து ஒரே தூணுக்குள் திணித்திருந்தார்கள்.

"பாட்டு ஸ்டேஷனுக்கு மட்டும் ஏன்க்கா ஒண்ணும் ஆகல?"

"அதுங்க பலமா வருது. சன்னமா வர்றதத்தான் இது முழுங்கும்."

அந்தப் பதிலும் தமயந்திக்குப் பிடிக்கவில்லை. சார்ஜரை மாற்றினாள். கேமரா ஒயரை ஏரியலிலிருந்து பிரித்து எதிர்ப்பக்கத் தூண் வழியாக இறக்கி, இரண்டு முனையிலும் இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் வளையத்தை மாட்டினாள்.

மதியம் குரல் வந்தது. கனகாம்பரம் வரத்துக் குறைவு, மழையால் செண்டுப்பூ கேட்பாரில்லை என்று நிறுத்தி நிதானமாக வாசித்தது. சென்றாயன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்த பிறகும் இறங்கவில்லை.

"சளி பிடிச்சிருக்கு அவளுக்கு" என்றார்.

வேலை முடிந்தால் கேமரா ஒழுங்காகப் பதிகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது யூனிஸின் வழக்கம். கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டார். படத்தில் கடையின் சுவர் தெரிந்தது. பின்னால் கனகாம்பரம் வரத்துக் குறைவு என்றது குரல். ஒரு எழுத்துப் பிசகாமல்.

சென்றாயன் லேப்டாப் பக்கம் குனிந்தார்.

"இது ரோட்டத்தானேம்மா எடுக்குது?" என்றார் சென்றாயன்.

"காதும் இருக்குண்ணே. உங்க மச்சினன் இதக் கேப்பாரா?" என்றார் யூனிஸ்.

"வாராவாரம் கார்ட வாங்கிட்டுப் போவான். தூக்கி வளத்தவன்மா அவள. ஒரு இருமல் போதும் அவனுக்கு."

யூனிஸ் முந்தைய பதிவுகளைத் திறந்தார். மதிய நேரங்களில் எல்லாம் இரைச்சல், இரைச்சல் மட்டும்தான். "இத்தன நாளா இதுதான் அவள மறைச்சிருக்கு" என்றார் சென்றாயன்.

மைக்கை அணைத்துவிடலாம் என்றாள் தமயந்தி. அணைத்தால் மச்சினன் போனில் காட்டும், எதற்கு அணைத்தாய் என்பான் என்றார் அவர். போலீசுக்குப் போகலாம் என்றாள். போலீஸ் முதலில் கேட்பது அவள் விலாசத்தைத்தான், அது மச்சினன் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. படுத்தபோதெல்லாம் யோசித்து வைத்த பதில்கள்.

"பழையபடி ஆக்கிருங்கம்மா. நல்லா வந்தா என்னால கேக்காம இருக்க முடியாது" என்றார் கடைசியில்.

யூனிஸ் தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் செய்ய மாட்டேன். வாயை மூட வேண்டியவன் அவன். நாம அவ வாயை மூடுறோம்."

யூனிஸ் புதுப் பதிவை அழித்தார். வளையங்களைக் கழற்றினார். பழைய சார்ஜரைச் செருகினார். கேமரா ஒயரை மறுபடி ஏரியல் ஒயரோடு வைத்து, முன்பைவிட நெருக்கமாக, டேப் சுற்றினார். ரேடியோவைப் போட்டார். கார் முழுக்க இரைந்தது. கூலி வாங்கவில்லை.

சென்றாயன் ரேடியோவை அணைக்காமலேயே வண்டியை எடுத்தார். இரைச்சல் மழைக்குள் போய் மறைந்தது.

தமயந்தி வெகுநேரம் டேப் துண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இனி அவருக்கு அதுல என்னக்கா கேக்கும்?"

"அவ இன்னும் பேசிட்டிருக்கான்னு நெனச்சுக்குவாரு."

"அது போதுமா?"

"போதாது" என்றார் யூனிஸ்.