மாடியறை வகுப்பு

அந்தப் பல்கலைக்கழகம் அவ்வளவு பெரிது. டவுன் பஸ் உள்ளே நுழைந்து ஐந்தாறு இடங்களில் நின்றுவிட்டுத்தான் வெளியே போகும். அங்கே கணிதத் துறையில் மெஹருன்னிசா என்றொரு பேராசிரியை இருந்தார். நாற்பதைத் தொடாத வயது. கீழே பெரிய ஹாலில் மைக் வைத்துக்கொண்டு எல்லா வருஷத்து மாணவர்களுக்கும் சேர்த்துப் பாடம் எடுப்பார். மாடியில் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்யச் சொல்லி, ஹானர்ஸ் வகுப்பு என்று ஒன்றையும் நடத்திவந்தார். முதலாண்டு முடிந்ததும் சிலரை மட்டும் அவரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

இசக்கி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். முதலாண்டில் துறையிலேயே முதலிடம் அவளுக்குத்தான். ஹானர்ஸ் என்ற பேரைக் கேட்டதுமே அவளுக்கு மனசு பறந்தது. என்ன ஏது என்று விசாரிக்காமல் சரி என்றுவிட்டாள்.

முதல் நாள் மெஹர் மேடம் வந்தார். வணக்கம் சொன்னார். பலகையில் ஒரு கேள்வியை எழுதினார்.

'முடிவே இல்லாத ஒரு சுவர். அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வண்ணம் பூச வேண்டும். சரியாக ஓரடி தள்ளி இருக்கும் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரே வண்ணம் வரக் கூடாது. குறைந்தது எத்தனை வண்ணம் வேண்டும்?'

எழுதியதும் சாக்பீஸை வைத்துவிட்டு, மாணவர்களோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

யாரும் பேசவில்லை. மேடமும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கரகரத்தது. வகுப்பு என்றால் யாராவது சொல்வார்கள், நாம் எழுதிக்கொள்வோம் என்றுதான் இசக்கிக்குத் தெரியும். பெஞ்சுக்கு அடியில் அவள் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் மேடம் எழுந்தார்.

"நாளைக்குப் பார்ப்போம்," என்றார்.

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும் அதே.

இசக்கிக்குத் தூக்கம் கெட்டது. மெஸ்ஸில் இட்லியைப் பிட்டு வைத்து, துண்டுகளின் இடைவெளியை ஓரடி என்று வைத்துக்கொண்டு அளந்து பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது கண்ணாடி ஆவியில் விரலால் புள்ளி வைத்தாள். நடுவில் ஒரு நாள், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, அது பிடிபட்டது. ஈரத் தலையோடு உட்கார்ந்து எழுதினாள். மூன்று வண்ணம் போதவே போதாது.

மேடத்தின் அறைக்கு ஓடினாள். அவர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

இசக்கி நின்றுகொண்டே இருந்தாள்.

"நாலு போதுமா?" என்று கேட்டார் மேடம்.

அந்த வாரத்திலேயே ஹென்றி என்ற பையன், சுவரைத் தேனடை போல அறுகோணங்களாகப் பிரித்து, ஏழு வண்ணம் இருந்தால் போதும் என்று காட்டினான். மேடம் அவனிடமும் நல்லா இருக்கு என்றார். ஏழுக்குக் கீழே முடியுமா என்றும் கேட்டார். அவ்வளவுதான். யார் முந்தி, யார் பிந்தி என்று சொல்லவில்லை. அதுதான் இசக்கியைக் குடைந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தான் எத்தனையாவது என்பது தெரியாமல் அவள் ஒரு மாதம்கூட இருந்ததில்லை.

அப்போதுதான் ஒரு சீனியர் அந்த விஷயத்தைச் சொன்னான். ஹானர்ஸில் தரவரிசை கிடையாது. தங்கப் பதக்கம் பொது வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்குத்தான்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பீடி சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அம்மா, நான் சேந்திருக்கதுல மெடல் கெடையாதாம்."

"என்னட்டி சொல்லுத? பெரிய வகுப்புன்னியே."

"பெரிய வகுப்புதான். மெடல் கீழ உள்ளவங்களுக்குத்தானாம்."

"அப்ப என்னத்துக்கு மேல போன?"

போனில் பீடி இலை நறுக்கும் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"நீ மேடையில ஏறி மெடல் வாங்கும்போது நான் வந்து பாக்கணும்ட்டி. இங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஊதாச் சேலைய இன்னும் கட்டல. அதுக்குன்னுதான் வச்சிருக்கேன்."

"சரிம்மா. கீழயே மாறிருதேன்."

போனை வைத்தாள். அறையில் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி நடந்தாள். நூலகம், விளையாட்டு மைதானம், பொறியியல் கட்டடம், ஆட்டோக்கள் நிற்கும் மேற்கு வாசல் என்று சுற்றிவிட்டு, மறுபடி நூலகத்துக்கே வந்து சேர்ந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள். இத்தனை நாள் வைராக்கியமாகத் தேடாமல் இருந்த அந்தச் சுவர்க் கேள்வியைத் தேடினாள்.

ஐந்து வண்ணமா, ஆறா, ஏழா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று இருந்தது. உலகத்தில் யாருக்குமே தெரியாது.

அவளுக்குக் கோபம் வந்தது. இல்லாத விடையைத் தேடச் சொல்லியா கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்?

மறுநாள் காலை கீழே பொது வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அதே மெஹர் மேடம் அங்கே வேறு ஆள் மாதிரி இருந்தார். பேச்சு ஆறு போல ஓடியது. ஒரு வரிக்கு அடுத்த வரி சொல்லி வைத்தாற்போல விழுந்தது. மேடம் எழுதுவதற்கு முன்பே இசக்கி எழுதினாள். எல்லாம் சரியாக இருந்தது. பல நாள் கழித்து வீட்டுச் சோறு சாப்பிட்ட மாதிரி ஒரு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி பாதி வகுப்புக்குமேல் தங்கவில்லை. பின்பாதியில் கை எழுதியது, மனசு எங்கெங்கோ போய்வந்தது. பக்கத்துப் பெண் முழங்காலைத் தட்டி, "கால ஆட்டாதீங்கக்கா, பெஞ்சு ஆடுது," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தச் சுவர்க் கேள்விக்கு விடை யாருக்குமே தெரியாதாமே."

"ஆமா."

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மூணு போதாதுன்னு கண்டுபிடிச்சிருப்பியா?"

 

"அதுக்கு மார்க் இல்லையே மேடம்."

"இல்ல."

"மெடலும் இல்ல."

"இல்ல."

"எங்கம்மாவுக்கு நான் என்ன சொல்றது?"

மேடம் நாற்காலியைக் காட்டினார். இசக்கி உட்காரவில்லை.

"பொங்கல் லீவுக்குள்ள கீழ் வகுப்புக்கே திரும்பிக்கலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் கீழயே போயிர்றேன் மேடம்."

"போகலாம். ஹெச்.ஓ.டி.கிட்ட நானே சொல்லிடறேன்."

வேண்டாம் என்பார், இரு என்பார், உன்னைப் போல ஒரு பெண் உண்டா என்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் இவ்வளவு சுலபமாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"நான் போறது சரியா மேடம்?"

"புதன்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு. கீழ் வகுப்பை நீ எடு. அப்புறம் பேசலாம்."

"நானா?"

"பகா எண்கள் தீராதுங்கற நிரூபணம். உனக்குத் தெரிஞ்சதுதானே?"

தெரிந்ததுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

புதன்கிழமை இசக்கி மேடையேறினாள். ஹால் நிறைந்திருந்தது. மேடம் வேறு எங்கும் போகவில்லை. கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில், மாணவிகளோடு மாணவியாக உட்கார்ந்திருந்தார். இசக்கி மைக்கைச் சரி செய்துகொண்டாள். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. பிறகு குரல் பிடித்துக்கொண்டது.

"ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாதது பகா எண். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு போகும். இவ்வளவுதான், இதுக்கு மேல பகா எண்ணே இல்லைன்னு ஒருத்தர் சொல்றார்னு வச்சுக்குவோம். அவர் சொன்ன அத்தனையையும் பெருக்குங்க. ஒண்ணைக் கூட்டுங்க. இப்ப கிடைச்ச எண்ணை, அவர் சொன்னதுல எதை வச்சு வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். அப்போ அவர் சொல்லாத ஒரு பகா எண் எங்கயோ இருந்தே ஆகணும்."

பேனாக்கள் நகர்ந்தன. அவள் நிறுத்தினால் ஹால் நின்றது. அவள் பேசினால் ஹால் எழுதியது. ஊதாச் சேலை கட்டிக்கொண்டு அம்மா முன்வரிசையில் இருப்பதுபோல ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று வழக்கப்படி கேட்டாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. மைக் இல்லாததால் கத்த வேண்டியிருந்தது. முகம் அதற்குள் சிவந்துவிட்டது.

"அக்கா, பெருக்கி ஒண்ணு கூட்டினா, முதல்ல எல்லாம் பகா எண்ணேதான் வருது. ரெண்டையும் மூணையும் பெருக்கி ஒண்ணு கூட்டினா ஏழு, அஞ்சையும் சேத்துப் பெருக்கினா முப்பத்தொண்ணுன்னு. நீங்க சொல்லும்போதே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். பதிமூணு வரைக்கும் பெருக்கினா வரல. வேற எண்ணால வகுபட்டு ஒடஞ்சிருது."

"ஆமா, வரணும்னு அவசியம் இல்ல."

"அது இல்லக்கா. இப்படிப் போயிட்டே இருந்தா, அப்பப்ப பகா எண் வந்துட்டே இருக்குமா? இல்ல ஒரு கட்டத்துல வர்றதே நின்னுருமா?"

ஹால் இசக்கியைப் பார்த்தது.

இசக்கி பலகையைப் பார்த்தாள்.  கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. விடை அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியாது.

"அது நம்ம சிலபஸ்ல இல்ல," என்றாள்.

எங்கோ இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். போனைப் பைக்குள் போட்டாள்.

மணி அடித்தது. ஹால் கலைந்தது. கைதட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒரு பையன் கிட்டே வந்து, மேடம் எடுத்ததைவிட நல்லாப் புரிந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். இசக்கி டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மெஹர் மேடம் படியிறங்கி முன்னால் வந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வேற வேலை இருக்குன்னீங்களே மேடம்."

"இதுதான் அந்த வேலை."

இசக்கி டஸ்டரைக் கீழே வைத்தாள்.

"நல்லா எடுத்தே," என்றார் மேடம்.

இசக்கி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு விடை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்ன சொன்னே?"

அவர் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் இசக்கி தன் வாயால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"சிலபஸ்ல இல்லைன்னு சொன்னேன்."

மேடம் தலையாட்டினார். கண்டிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அத்தனை பேர் பாத்துட்டு இருக்கும்போது…" என்று ஆரம்பித்த இசக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வெளியே டவுன் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஹெச்.ஓ.டி. இப்ப ரூம்லதான் இருக்கார். உன் விஷயத்தைச் சொல்லட்டுமா?"

இசக்கி கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அங்கிருந்து மேடை எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் கவனித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து கத்திக் கேட்டிருக்கிறாள் அந்தப் பெண்.

"மேடம்," என்றாள். "அவ கேட்டதுக்கு விடை என்ன?"

"எனக்குத் தெரியாது."

"வேற யாருக்காவது?"

"யாருக்கும் தெரியாது."

மேடம் வாசல்வரை போனார். நின்று திரும்பினார்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

"தெரியல மேடம்."

"கேட்டுக்கோ. நாளைக்கு வரும்போது அவளையும் மாடிக்குக் கூட்டிட்டு வா."