விடியலுக்கு முந்தைய கவலை

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சிறு மடத்துக்கு உலகம்மை தலைவி. அவருடைய சீடர்களில் அருமைநாயகம் மட்டும் அவரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்தவர்.

வீடு வாசலை விட்டு வந்தவர், ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. காலையில் எழுந்ததும் வழக்கொழிந்த ஆங்கிலச் சொல் ஒன்றைத் தேடிப் படிப்பார். ஆங்கிலேயரே மறந்துபோன சொல்லாக இருந்தால் இன்னும் சந்தோஷம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

ஒரு நாள் மாலை அவர் உலகம்மையின் முன் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா, தினம் ஒரு சொல் படிப்பது தவறா?"

"யார் தவறென்றார்கள், ஐயா?"

"யாரும் சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது."

"என்ன நடந்தது?"

"போன வாரம் உங்களைப் பார்க்க ஒரு பெண் வந்திருந்தார். நீங்கள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். காத்திருக்கச் சொல்லி உட்கார வைத்தேன். அவராகவே பேச்சைத் தொடங்கினார்."

"என்ன சொன்னார்?"

"'நாலு மணிக்கே முழிப்பு தட்டிருது சார். பெறகு கண்ண மூட முடியல. நெஞ்சுக்குள்ள என்னவோ உருட்டுது' என்றார்."

அருமைநாயகம் தலை குனிந்தார்.

"அதற்கென்றே ஒரு சொல்லைப் படித்திருந்தேன், அம்மா. ஊட்கேயர. விடியலுக்கு முன் விழித்துக் கிடந்து படும் கவலை. ஆயிரம் வருஷத்துப் பழைய ஆங்கிலம். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொல்லைப் பிரித்துப் பொருள் சொன்னேன். எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அவரும் பாவம், சொல்லிப் பார்த்தார்."

"பிறகு?"

"'சரிங்க சார்' என்று எழுந்து போய்விட்டார். உங்களைப் பார்க்கவே இல்லை."

"என்ன கவலையாம் அவருக்கு?"

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"நான் கேட்கவில்லை" என்றார் அருமைநாயகம்.

"போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்."

வந்தவர் யாரென்று மடத்தின் சமையல்காரருக்குத் தெரிந்திருந்தது. பெயர் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் அருமைநாயகம் பஸ் ஏறினார்.

கடைக்குள் ஒரு வயதான பெண்ணின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாலை இன்னும் வாடவில்லை. இசக்கியம்மாள் அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

"அன்றைக்கு என்ன கேட்க வந்தீர்கள் அம்மா?"

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தா சார். மிஷின்லதான் மூச்சு ஓடிச்சு. வச்சிருக்கவா, எடுத்துரவான்னு டாக்டர் என்னையத்தான் கேட்டாரு. நான் ஒத்தப் பிள்ளை. கேக்க ஆளில்ல. மடத்து அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

"பிறகு என்ன செய்தீர்கள்?"

"அன்னைக்கு சாயங்காலமே எடுத்துரச் சொல்லிட்டேன்."



"இப்போதாவது உறக்கம் வருகிறதா?"

"எங்க சார்? முன்னால, என்ன செய்யன்னு இருந்துச்சு. இப்ப, செஞ்சது சரியான்னு இருக்கு."

அருமைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை மன்னித்துவிடுங்கள்" என்றார்.  தோள் குலுங்க அழுதார்.

இசக்கியம்மாள் பதறிப்போனாள். முக்காலியில் கிடந்த துணியைத் தள்ளி அவரை உட்கார வைத்தாள். எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்து கையில் கொடுத்தாள்.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? படிச்சவங்க, நல்லதுதான் சொல்லிருப்பீங்க. எனக்குத்தான் வெளங்கல."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. டீயைக் குடித்து முடித்ததும் அவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ் நிறுத்தம்வரை அவளும் கூட வந்தாள்.

மடத்துக்குத் திரும்பியதும் நடந்ததை ஒன்றுவிடாமல் உலகம்மையிடம் சொன்னார்.

"மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அம்மா. அவர் மன்னித்துவிட்டார்."

"அழுதது யார்?"

"நான்."

"தேற்றியது?"

 அந்தக் கடையில் தாயைப் பறிகொடுத்தவள் நின்றுகொண்டே இருந்ததும், தான் உட்கார்ந்து டீ குடித்ததும் அப்போதுதான் அருமைநாயகத்தின் கண்முன் வந்தன.

"அவர்" என்றார்.

 அருமைநாயகம் கைகூப்பினார்.

"இன்றோடு இந்தச் சொல் படிப்பை விட்டுவிடுகிறேன், அம்மா. சத்தியமாக."

உலகம்மை கேட்டார்:

"விட்டுவிட்டால் அவருக்கு உறக்கம் வந்துவிடுமா, ஐயா?"