புதுசு எதுன்னு சார் சொல்லட்டும்

கோயமுத்தூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் தில்லைநாயகம் என்றொரு தலைமை ஆர்க்கிடெக்ட். புதுசு என்றால் அவருக்கு உயிர். பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோத்து தான் கட்டிய பழைய கிளஸ்டரை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதிலிருக்கும் ஜிபியு கார்டுகளை அடையாளம் காட்டும் பிளகின் என்ற குட்டி மென்பொருளை அவரே புது வெர்ஷனுக்கு மாற்றினார். அன்றோடு கார்டுகள் கண்ணில் படாமல் போயின.

"கிளையன்ட் வர்றதுக்குள்ள கார்டு தெரியணும். பழைய பிளகின் இருக்கக் கூடாது. முடியலேன்னா நீ வீட்டுக்குக் கிளம்பு," என்றார் டிரெய்னி பூவிழியிடம்.

"சரிங்க சார். எது பழசுன்னு மட்டும் நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

கிளையன்ட் வந்ததும் இரண்டு திரைகளைக் காட்டினாள். அதே கிளஸ்டரின் இரண்டு மெஷின்கள், ஒன்றில் பழைய பிளகின், மற்றதில் புதுசு. இடப்பக்கம் கார்டு பூஜ்யம். வலப்பக்கம் அத்தனை கார்டும் வரிசையாக நின்றன.

தில்லைநாயகம் மீசையை நீவினார். "இதுகூடவா தெரியல? வலப்பக்கம்தான் புதுசு. அந்தப் பழசைத் தூக்கிப் போடு."

"போட்டுட்டேனுங்க."

கிளையன்ட் வலப்பக்கத் திரையை எட்டிப் பார்த்தார். "இதுலதான் பழைய வெர்ஷன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க. பழைய கிளஸ்டருக்கு அதுதானுங்க ஒத்துப்போகும். சார் எப்படிப் பார்த்துப் பொறுக்கினாரு பாருங்க."

பூவிழியை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், தான் பொறுக்கியது தப்பென்று தில்லைநாயகமே சொல்லியாக வேண்டும். மனுஷன் இன்றுவரை சொல்லவில்லை.