மேசை மேல் என்ன இருக்கிறது

"இப்ப வாங்கிடலாமா அம்மா, இல்ல தை பிறக்கட்டுமா?"

வைத்தியலிங்கம் இப்படிக் கேட்டபோது அம்மா கொசுவலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

வாங்க வேண்டியது ஒரு மானிட்டர். சாதாரண மானிட்டர் இல்லை. மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வருவது, நிறத்தைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவது. அதன் விலையைச் சொல்லும்போது மட்டும் வைத்தியலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அம்மா என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். பெயர் தவமணி. மலையடிவாரத்தில் ஒரு பழைய மடத்தின் பின்கட்டில் தனியாக இருந்தார். வைத்தியலிங்கத்துக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வியாழன்தோறும் வந்து வாசல் பெருக்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வார். அம்மா அதை ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை.

அம்மாவிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எப்போது. பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும், மனையை எப்போது விற்கலாம், போர்வெல் எப்போது போடலாம். கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பை அவர் மறைப்பதும் இல்லை.

மானிட்டர் வைத்தியலிங்கத்துக்கு இல்லை, அவர் மனைவிக்கு.

மங்கையர்க்கரசி வீட்டில் இருந்தபடியே கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பவர். டவுன் ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். மங்கை நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பார். மணப்பெண்ணை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் மாட்டேன் என்பார். அந்தப் பெண் அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். அதற்காகவே அவரைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு.

அவருடைய மானிட்டர் சின்னது. பழசாகி, மஞ்சள் பாரித்துப்போனது. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் வேலை பார்ப்பார். சாயங்காலம் ஆனால் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ஏதாவது ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கணவரிடம் கேட்டிருந்தார்.

ஏதாவது ஒன்றை வாங்குகிற ஆள் இல்லை வைத்தியலிங்கம்.

முதல் வருடம் ஆடி வந்தது. தள்ளுபடி ஆடியில்தான். ஆனால் ஆடியில் புதுப்பொருள் வீட்டுக்கு வரக் கூடாது. இந்த முடிச்சை அவர் அவிழ்ப்பதற்குள் ஆவணி பிறந்து, தள்ளுபடி போய்விட்டது. அடுத்த வருடம் புது வகைத் திரை வரப்போகிறது என்று படித்தார். அது வந்தால் பழைய வகையின் விலை இறங்கும் என்று காத்திருந்தார். இறங்கியது. விலை இறங்கிப்போன பொருளை வாங்க மனசு வரவில்லை.

நடுவில் ஒருமுறை மங்கையே கடைக்குப் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அவசரப்படாதே என்றார் வைத்தியலிங்கம். அந்த மானிட்டரில் என்னென்ன குறை என்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு மங்கை கடைக்குப் போகவில்லை.

அம்மாவிடமும் அவர் முன்பே கேட்டிருக்கிறார்.

முதல் தடவை அம்மா, "வாங்குங்க" என்றார்.

இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சின்னப் பதிலா என்று வைத்தியலிங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று கார்த்திகை முழுவதும் யோசித்தார்.

இரண்டாம் தடவை அம்மா பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். பொறு என்கிறார் போலிருக்கிறது என்று வைத்தியலிங்கம் ஒரு வருடம் பொறுத்தார். அன்றைக்கு அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்திருந்தார்.

இப்போது ஐப்பசி. வைத்தியலிங்கம் செல்போனை நீட்டி இரண்டு மானிட்டர்களைக் காட்டினார். ஒன்று இன்றே கிடைக்கும். இன்னொன்று தையில் வரும். இதில் இல்லாதது அதில் இருக்கிறது, அதன் விலை இதைவிட எவ்வளவு கூடும் என்று தெரியவில்லை. விளக்கி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது.

அம்மா ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"உங்க வீட்டம்மா மேசை மேல என்ன இருக்கு?"

"பழைய மானிட்டர்தாம்மா."

"பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"தெரிஞ்சதுதானேம்மா. தினமும் பார்க்கிறேனே."

அம்மா மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

வைத்தியலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அம்மா அவருக்கென்று ஒரு புதிர் போட்டிருக்கிறார். மேசை என்பது மனம். மேலே இருப்பது ஆசை. மலையடிவாரத்தில் பஸ் ஏறியவர் வீட்டுத் தெருவில் இறங்குவதற்குள் அழகான பதில் ஒன்றைத் தயார் செய்துவிட்டார். இருந்தாலும் பார்த்துவிட்டு வரச் சொன்னாரே என்று, மங்கையின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

மேசை மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் கறிவேப்பிலை உலர்ந்துகொண்டிருந்தது. துணிகளுக்குப் பின்னால் மானிட்டர் இருந்தது. அதற்குத் தலையணை உறை மாட்டியிருந்தது. உறையின் மேல் தூசி படிந்திருந்தது.

மங்கை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. விரல்கள் தாமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு வேலை இல்லையா?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"இதோ, பூக்கடைக்காரர் சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்னாரு."

"இது இல்ல. ஆல்பம் வேலை."

மங்கை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வைத்தியலிங்கத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதைப் பங்குனியிலேயே விட்டுட்டேனே."

கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். திரையில் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்ததால், கடைசியாகச் செய்த ஆல்பத்தில் அந்த மஞ்சளைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். அச்சாகி வந்தபோது மணப்பெண்ணிலிருந்து பந்தி பரிமாறியவர் வரை எல்லோருக்கும் நீலம் பாய்ந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். சண்டை போடவில்லை. முதல் பக்கத்தை விரித்துக் காட்டி, அக்கா நான் இப்படியா இருந்தேன் என்று மட்டும் கேட்டாள்.

வைத்தியலிங்கத்துக்கு அந்தப் பெண்ணை ஞாபகம் இருந்தது. அவர்தான் கதவைத் திறந்தார். உள்ளே இருக்காங்க, போம்மா என்று கை காட்டிவிட்டு, பாதியில் நிறுத்திய வீடியோவைத் தொடர்ந்து பார்த்தார். இரண்டு மானிட்டர்களில் எதில் நிறம் அசலாகத் தெரிகிறது என்று காட்டும் வீடியோ.

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே மங்கை."

"சொன்னேனே. அடுத்த மாசம் புதுசு ஒண்ணு வருது, கொஞ்சம் பொறுன்னீங்க."

அதற்கு மேல் அந்த அறையில் நிற்காமல் வெளியே வந்துவிட்டார். மறுநாள் வியாழன் இல்லை. ஆனாலும் மடத்துக்குப் போனார். வாசல் பெருக்கவில்லை, தொட்டிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

கொசுவலை முடிந்து மூலையில் மடித்துக் கிடந்தது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார்.

"என்ன இருந்தது?"

பஸ்ஸில் தயார் செய்த பதில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தலையணை உறை போட்டு மூடி வச்சிருக்காம்மா. பங்குனியிலேர்ந்து."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அம்மா தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்போனை வெளியே எடுத்தார்.

"இன்னைக்கே போய் வாங்கிடட்டுமா அம்மா? பெரிசாவே வாங்கிடறேன். எவ்வளவு ஆனாலும் சரி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பேசியபோது குரலில் களைப்புத்தான் இருந்தது.

"இப்பவும் என்னைத்தான் கேக்கறீங்க."

வைத்தியலிங்கம் எழுந்தார். அம்மாவைக் கும்பிடக்கூட மறந்துவிட்டார். பஸ்ஸில் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பு இல்லை.

மங்கை அதே ஜன்னலோரம் இருந்தார். வைத்தியலிங்கம் முதலில் மேசை மேல் இருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தார். தலையணை உறையைக் கழற்றவா என்று கை நீட்டியவர், கழற்றாமல் கையை எடுத்துக்கொண்டார். பிறகு வந்து மங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முட்டி வலித்தது.

"மங்கை. உனக்குப் புது மானிட்டர் இன்னும் வேணுமா?"

மங்கையின் விரல்கள் நின்றன. மேசைப் பக்கம் பார்த்தார். பிறகு அடுத்த பூவை எடுத்தார்.

"யோசிச்சுச் சொல்றேங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே."