கம்பளிக்குள் உப்பிய ரொட்டி

பனிக்குழி மலையில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் சூசை, நடுவன் மிக்கேல், கடைக்குட்டி இன்னாசி. மூன்று மண்டைகளையும் சேர்த்துக் குலுக்கினாலும் கடுகளவு மூளை கொட்டாது. இன்னாசிக்கு முப்பத்துநாலு வயது. மாப்பிள்ளை பார்க்க வந்த ஏழு வீட்டாரும் காபி ஆறுவதற்குள் எழுந்து ஓடியிருந்தார்கள்.

எட்டாவதாக வந்தவர் அடிவாரத்து பேக்கரிக்காரர் அருளப்பன். அவர் மகள் பிலோமியைக் கண்ணாடி அலமாரி வழியாகப் பார்ப்பதற்காகவே இன்னாசி தினமும் பன் வாங்கித் தின்று ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

"என் பொண்ணு அடுப்புச் சூட்டுல வளந்தவ, தம்பி," என்றார் அருளப்பன். "கிறிஸ்துமஸ் பழ ரொட்டி ஒண்ணு உன் கையால சுட்டு வை. ஞாயித்துக்கிழமை வந்து தின்னு பாக்குறேன். நல்லாயிருந்தா பிலோமி உனக்கு. இல்லன்னா பேசாம சாமியாராப் போயிரு."

சாமானையும், செய்முறை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு, ஒரு எச்சரிக்கையும் விட்டுப்போனார்: "ஈஸ்ட்டு உயிருள்ளது. பக்குவமா நடத்தணும்."

ஞாயிறு. பூசை முடிந்து வந்து மூவரும் மாறி மாறிப் பிசைந்தார்கள். எப்படியோ மாவு ஒழுங்காக வந்துவிட்டது. அதில் அவர்கள் பங்கு எதுவும் இல்லை. சூசை அடுத்த வரியை வாசித்தான்: "குளிர் படாமல் போர்த்தி, ஒரு மணி நேரம் ஓய்வெடுக்க விடவும்."

"பிசைஞ்சு கை ஒடிஞ்சது நமக்கு. ஓய்வு அதுக்கா?" என்றான் சூசை.

"அடிச்சவனுக்கா அண்ணே உடம்பு வலிக்கும்? அடி வாங்குனவனுக்குத்தானே," என்றான் மிக்கேல்.

ஆழமான கருத்துதான் என்று மூவரும் தலையாட்டினார்கள். மாவுச் சட்டியைக் கட்டிலில் கிடத்தினார்கள். இன்னாசி தலையணை வைத்தான். எந்தப் பக்கம் தலை என்று தெரியாததால் இரண்டு பக்கமும் வைத்தான். வீட்டிலிருந்த மூன்று கம்பளிகளையும் போர்த்தினான்.

"ஒரு தாலாட்டுப் பாடட்டா?" என்றான் மிக்கேல்.

"நீ பாடுனா செத்தவனே எந்திரிப்பான். நட வெளிய!"

மூவரும் முன்வாசலில் காவல் நின்றார்கள். போர்வை எல்லாம் மாவுக்குப் போய்விட்டதால் பல் தந்தியடித்தது. மிக்கேலுக்குத் தும்மல் வந்தது. சூசை அவன் மூக்கையும் வாயையும் பொத்த, கண் வழியாகத் தும்மினான். கூவ வாயெடுத்த சேவலின் அலகை இன்னாசி பிடித்துக்கொண்டான். பிலோமிக்காக அவன் எந்தத் தியாகத்துக்கும் தயார்.

மூவரும் மறந்தது ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் படிக்கட்டு அவர்கள் வீட்டுப் புறவாசலில் முடிகிறது. நூற்றெழுபது படி ஏறி நடுங்கிக்கொண்டே வந்த அருளப்பன் அந்த வழியாக உள்ளே நுழைந்தார். கட்டிலில் சட்டி. தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"அட, பய தேறிட்டானே! பிலோமிய இவனுக்கே முடிச்சிரலாம்!"

சட்டியை எடுத்து அடுப்போரம் கதகதப்பாக வைத்தார். ஐந்து நிமிடம் காலை நீட்டுவோம் என்று கம்பளிகளைத் தலையோடு இழுத்து மூடிப் படுத்தார். பாவம், அப்படியே தூங்கிப்போனார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. மூவரும் பூனைநடை நடந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஆத்தாடி, எம்மாம் பெருசா உப்பியிருக்கு!" என்றான் சூசை.

"மூச்சு விடுதுண்ணே," என்றான் மிக்கேல்.

"உயிருள்ளதுன்னு மாமா சொன்னாருல்ல? கேளு, குறட்டைகூட விடுது. நல்ல ஈஸ்ட்டு!"

சூசை தாளைப் பிரித்தான். "இரண்டு மடங்கு உப்பியதும் ஓங்கி ஒரு குத்து விடவும்."

இன்னாசிக்குக் கண் கலங்கியது. "தூங்குறவன எப்படிண்ணே குத்துறது?"

"எழுப்பிட்டுக் குத்துவோமா?" என்றான் மிக்கேல்.

"எழுப்பச் சொல்லி எழுதலையேடா. உனக்குப் பிலோமி வேணுமா வேணாமா?" என்று சூசை இன்னாசி பக்கம் திரும்பினான்.

வேண்டும். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டான். மனசுக்குள் பிலோமியை நினைத்துக்கொண்டு, முட்டியை ஓங்கி, மேட்டின் நட்டநடுவில் இறக்கினான்.

"ஐயோ அம்மா!"

"மாவு அம்மாவக் கூப்பிடுதுடா!"

"காத்து போகுது, அவ்வளவுதான். அடுத்த வரி: காற்று முழுவதும் போகும்வரை நன்றாகப் பிசையவும்!"

மூவரும் பாய்ந்தார்கள். ஒருவன் மிதித்தான், ஒருவன் உருட்டினான். வருங்கால மருமகன் முழங்கையால் அழுத்தி, முறுக்கி, மடித்தான். கம்பளிக்குள்ளிருந்து வந்த வசவுகளை அவர்கள் காற்றுக் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

"போதும்டா. இனி கொதிக்கிற அடுப்புல வைக்கணும். ஆளுக்கொரு முனை தூக்குங்க!"

அடுப்பு என்ற சொல் கேட்டதுதான் தாமதம். மேடு துள்ளி எழுந்தது. தலையோடு சுற்றிய கம்பளியும் கையுமாக, கட்டிலைத் தாண்டி, புறவாசலைத் தாண்டி, படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது.

மூன்று பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"காலெல்லாம் முளைச்சிருச்சு," என்றான் சூசை மரியாதையோடு.

"சுடுறதுக்கு முன்னாடியே இந்த ஓட்டம். சுட்டிருந்தா?" என்றான் மிக்கேல்.

 பரிசோதிக்க மாமா வரும் நேரம்; ரொட்டியோ போய்க்கொண்டிருக்கிறது. இன்னாசி படி விளிம்புக்கு ஓடி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, பனிமூட்டத்துக்குள் கத்தினான்:

"ஏ ரொட்டீ! போற வழியில மாமாவப் பாத்தா, சீக்கிரம் வரச் சொல்லு!"