இரண்டு பக்கமும் முட்டு

"ஒரு சுவரை இடிக்கணும்மா. உத்தரவு குடுங்க" என்றார் மாசிலாமணி.

பேச்சியம்மை அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருபது வருடம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர். பிறகு கோத்தகிரிச் சரிவில் சின்னதாக ஒரு மடம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீடர் மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் யாரிடமாவது கைகட்டி நிற்பதே பெரிய விஷயம்.

"எந்தச் சுவர்?"

"எங்க வீட்டுக்கு அடியில ஒரு அறை இருக்கு. அதோட நடுச்சுவர்."

"யார் கட்டினது?"

"நான்தான். பதினோரு வருஷமாச்சு."

அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவின் தையல் மிஷின் யாருக்கு என்பதில் சண்டை வந்தது. மிஷினைத் தம்பி சிங்காரம் தூக்கிக்கொண்டான். மாசிலாமணி கீழறையின் குறுக்கே சுவர் எழுப்பினார். அன்றோடு பேச்சு நின்றது.

"இப்போ ஏன் இடிக்கணும்?"

"தம்பி இருமுறான்மா. பொழுதன்னைக்கும் சுவர் வழியா கேக்குது. இப்பல்லாம் சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது."

"குறைஞ்சா நல்லதுதானே."

"இருமத் தெம்பில்லாம குறையுதும்மா."

அம்மாள் கீரையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"வாசல் வழியா போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"நான் எப்படி முதல்ல போறது? சுவர் இல்லைன்னா அவனே எதிர்ல இருப்பான். நான் போன மாதிரியும் இருக்காது, அவன் வந்த மாதிரியும் இருக்காது."

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நேத்து சம்மட்டியால நாலு போடு போட்டேன்." சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு செங்கல் விழுந்துச்சு. மேலே உத்திரம் முனகிச்சு. நிறுத்திட்டேன்."

அம்மாள் கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாசிலாமணி வீட்டுக் கீழறையில் ஒரு ஸ்டூல் மேல் ஏறினார். மாசிலாமணியிடம் பஸ் டிக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவருக்கும் மேலே ஓடும் மர உத்திரத்துக்கும் நடுவே செருகிப் பார்த்தார்.

நுழையவில்லை. நாலைந்து இடத்தில் பார்த்தார். எங்கும் நுழையவில்லை.

"கட்டும்போது இங்கே இடைவெளி விட்டாங்களா?"

"விரல் போகும். வெறும் தடுப்புதானேன்னு கொத்தனார் விட்டுட்டார்."

"இப்போ உத்திரம் இறங்கி இதுமேல உக்காந்திருக்கு. ரெண்டு வீட்டுப் பாரமும் இது தலையிலதான்."

மாசிலாமணி சுவரைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"அப்போ எடுக்கவே முடியாதா?"

"முடியும். முதல்ல ஜாக்கி வச்சு உத்திரத்தைத் தூக்கணும்."

திருகினால் உயரும் இரும்புக் கால்கள் எட்டு, மறுநாள் காலையில் வந்து இறங்கின. மாசிலாமணி எட்டையும் தன் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டுப் பெருமையோடு அம்மாளைக் கூப்பிட்டார்.

அம்மாள் நாலைத் தள்ளி வைத்தார்.

"இது அந்தப் பக்கத்துக்கு."

"இங்கேயே எட்டும் இருந்தா பலமா இருக்குமே?"

"உங்க பக்கம் நிக்கும். அவர் பக்கத்து உத்திரம் சுவரை நம்பித்தான் இருக்கு. எடுத்தா அவர் தலையில விழும்."

மாசிலாமணி அந்த நாலையும் அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே கொண்டு போய்க் குடுத்துடுங்கம்மா."

"நான் சுமக்கிறதை விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார் அம்மாள். "ரெண்டு பக்கமும் சேர்ந்து திருகணும். நீங்க ஒண்ணுன்னு சொல்லுங்க. அவர் ரெண்டுன்னு சொல்லணும். அது கேக்காம திருகாதீங்க."

நாலு ஜாக்கிக்கு நாலு நடை. படியேறி, சாலையில் நடந்து, தம்பி வீட்டு வாசல்.

முதல் நடையில் சிங்காரம் கதவைத் திறந்தான். பாதியாக இளைத்திருந்தான். மாசிலாமணி சொல்ல வேண்டியதை ஜாக்கியைப் பார்த்தே சொல்லி முடித்தார். சிங்காரம் இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

இரண்டாவது நடையும் மூன்றாவது நடையும் அப்படியே.

நாலாவது நடையில் கதவு திறந்தே கிடந்தது. மாசிலாமணி ஜாக்கியை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. நடுநடுவே இருமல். பிறகு ஒன்றுமில்லை.

மாசிலாமணி முதல் ஜாக்கியின் திருகைப் பிடித்தார்.

"ஒண்ணு."

பதில் இல்லை.

அவர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றார் மறுபடியும்.

நீளமாக ஓர் இருமல் வந்தது. அது அடங்கியது.

"ரெண்டு."

மாசிலாமணி திருகைப் பிடித்தபடியே அழுதார்.

"திருகுண்ணே" என்றான் சிங்காரம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

மாசிலாமணி திருகை விட்டுவிட்டுப் படியேறி ஓடினார்.

கீரை மிதிபடாமல் அம்மாள் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.